சூடம் அணைத்த கை

ஓட்டுப் பெட்டியை இன்னும் திறக்கக்கூட இல்லை. அதற்குள் கல்லைத் திருப்பி அள்ளிக்கொண்டு போக லாரி வந்துவிட்டது.

நீலா அப்போதுதான் திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீனை விற்று முடித்து, காலிக் கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ஒன்றின் பின்னால் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு லாரிக்கு நடுவில் உடம்பை ஒடுக்கி, டீசல் புகையைக் குடித்து, பக்கவாட்டில் நுழைந்து வந்தால்தான் சங்கிலிக்குப்பம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கங்கையம்மன் கோயில் முனையில் திரும்பியபோது, கடல் பக்கம் பொக்லைன் இரைவது கேட்டது.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. வேலையை ஆரம்பித்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். சும்மாவா, தம்பி சொன்னான் என்றால் சொன்னதுதான் என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட எழுந்தது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். பொக்லைன் கல்லை எடுத்தது. எடுத்து, கடலுக்குள் போடாமல் லாரியில் வைத்தது. ஏற்கெனவே நிரம்பிய லாரி ஒன்று மணலில் புதைந்து, உறுமி, எழுந்து தெற்குப் பக்கம் போனது.

கோயில் நிழலில் பட்டம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். போன வருஷப் புயலில் வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து சமுதாயக் கூடத்தில் அடுப்பு மூட்டுகிறவள். நீலாவைப் பார்த்ததும் அவள் குரலை உயர்த்தவில்லை.

"இன்னாமே நீலா, கல்லு போவுது," என்றாள். "நீ அணைச்ச சூடம் இன்னாமே ஆச்சு?"

நீலா வலது உள்ளங்கையைத் தன்னை அறியாமல் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

சங்கிலிக்குப்பத்தில் ஒரு காலத்தில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே வலை உலர்த்த, கருவாடு காயப்போட, பிள்ளைகள் பந்தாட, கல்யாணப் பந்தல் போட இடம் இருந்தது. தெற்கே துறைமுகத்துக்குக் கல் போடப் போட, இங்கே மண் போய்க்கொண்டே இருந்தது. தெற்கில் கல் விழுந்தால் வடக்கில் மண் போகும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. ஆபீசர்களும் வந்து பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். முதல் வரிசை வீடுகள் போயின. ரேஷன் கடை போயிற்று. ஏலக் கொட்டகை தூண்களோடு மட்டும் கொஞ்ச நாள் நின்றுவிட்டு அதுவும் விழுந்தது. இப்போது கடலுக்கு முன்னால் நிற்பது நீலா வீட்டு வரிசை. புருஷன் ரகுபதி பின்சுவரை ஒட்டி மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்தான். பௌர்ணமி வந்தால் அலை அந்த மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், தூண்டில் வளைவு. கடலுக்குள் தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கட்டுகிற கல் சுவர். அதைக் கட்டினால் மண் தங்கும், வீடு நிற்கும், போட்டை ஏற்றி வைக்க இடம் கிடைக்கும். எலெக்ஷன் வருகிறபோதெல்லாம் அது பேச்சில் கட்டப்படும், எலெக்ஷன் போனதும் பேச்சோடு இடிந்துவிடும். இந்தத் தடவை குப்பம் கூடி, வளைவு இல்லையென்றால் ஓட்டும் இல்லை என்று முடிவெடுத்தது. போட்டுக்கெல்லாம் கறுப்புக் கொடி கட்டினார்கள். பிரசார வண்டி வந்தால் பெண்கள் ரோட்டுக்குக் குறுக்கே கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிடுவார்கள். கறுப்புத் துணி பற்றாமல் பட்டம்மாள் தன் பழைய பாவாடையைக் கிழித்துக் கொடுத்தாள். செய்திக்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் கல் வந்தது. முன்னால் வந்த லாரியில் டிரைவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து வந்தவன் ரஞ்சித், நீலாவின் தம்பி. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். நீலா ஒரு இடுப்பில் தம்பி, இன்னொரு இடுப்பில் கூடை என்று மார்க்கெட்டுக்கு அலைந்து வளர்த்தாள். தனக்கென்று பிள்ளை இல்லாமல் போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணமே அவன்தான். வளர்ந்தவன் வலை தொடவில்லை. கட்சிக்குப் போனான், வட்டச் செயலாளருக்குப் பின்னால் நடந்தான், கூட்டத்துக்கு ஆள் திரட்டினான். கடல்காரன் வீட்டில் கஞ்சி போட்ட சட்டை வந்தது என்று குப்பத்தில் கேலி பேசினாலும் ரேஷன் கார்டு, முதியோர் பணம் என்று ஒரு வேலை வந்தால் எல்லாரும் அவனிடம்தான் போனார்கள்.

கல் இறங்கிய அன்று குப்பமே கடற்கரையில் நின்றது. ஒவ்வொரு கல்லும் ஒரு ஆட்டோ அளவு. நீலா வீட்டுக்கு ஓடி மஞ்சளும் குங்குமமும் தேங்காயும் எடுத்து வந்து, முதல் கல்லுக்குப் பூச மஞ்சளைக் குழைத்தாள். ரஞ்சித் அவள் கையைப் பிடித்தான். வேண்டாம்க்கா, கல்லுக்கெல்லாம் மஞ்சள் வைக்காதே என்றான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. நீலாதான் சிரித்தாள். கட்சிக்காரனானதும் சாமி கசந்துவிட்டதா என்று கேட்டு, அவன் கையை உதறிவிட்டு, கல்லின் முகத்தில் நிறைய மஞ்சள் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டாக வைத்தாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

ஆனாலும் பெண்களுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. சூடு கண்ட பூனைகள் அவர்கள். ஓட்டுக்கு முந்தின மாலை கங்கையம்மன் கோயிலில் கூடினார்கள். பட்டம்மாள் நேராகவே கேட்டாள்.

"எத்தினியோ தபா காரு வந்துச்சி, கொடி வந்துச்சி. இப்ப கல்லு வந்துக்கீது. இது நிக்கும்னு யாரு சொல்றது? ரஞ்சித்து, நீ நம்ம வூட்டுப் புள்ள. ஆத்தா படியில சூடத்த அணை. நாங்க போயி ஓட்டு போடுறோம்."

ரஞ்சித் சிரித்தான். "இன்னா பெர்மா நீ. கெவர்மெண்டு வேலைக்குப் போயி சூடம் கீடம்னுகினு."

சங்கிலிக்குப்பத்தில் சூடம் அணைப்பது சின்ன விஷயமில்லை. வெற்றிலையில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஒரே அடியில் அணைத்தால் அதற்குமேல் பேச்சில்லை. போட்டுத் தகராறு, வலைத் தகராறு, புருஷன் பொண்டாட்டித் தகராறு எல்லாம் அந்தப் படியில் தீரும். அந்தச் சத்தியம் பொய்த்தால் அணைத்த வீட்டுப் போட்டு தண்ணீரைத் தொடக்கூடாது, அதில் யாரும் ஏறவும் மாட்டார்கள். யாருக்காக அணைத்ததோ அவன் ஆத்தா முன்னால் நின்று தப்பு என்னுடையது என்று சொன்னால்தான் குற்றம் இறங்கும். மகிழ மரத்தடியில் பண்ணின சத்தியத்தை மீறினவருக்குக் கண் போயிற்று என்று கதை சொல்கிற திருவொற்றியூர்ப் பெரிய கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. சத்தியம் என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு பயம் வரத்தான் செய்யும்.

ரஞ்சித் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ முணுமுணுத்தார்கள். இத்தனை பேர் நடுவில் தம்பி தலைகுனிவதை நீலாவால் பார்க்க முடியவில்லை. பாசம் கண்ணை மறைக்கும் என்பது சும்மாவா? வெள்ளைச் சட்டைக்காரன், நாலு பேர் சிரிப்பார்கள் என்று கூச்சப்படுகிறான் என்று அவளே காரணமும் கற்பித்துக்கொண்டாள்.

"எந்தம்பிக்கு நான் அணைக்கிறேன்," என்றாள். படியில் குனிந்து எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். "இந்தக் கல்லு இங்கியே நிக்கும். பொய்யின்னா என் வூட்டு மேல வரட்டும்."

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே குப்பத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வரிசை கட்டி நின்றார்கள். கறுப்புக் கொடியெல்லாம் அவிழ்த்தாகிவிட்டது. பட்டம்மாள் மை வைத்த விரலைக் காட்டி, நீலா சொன்னதால்தான் வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

இப்போது லாரி வந்து நிற்கிறது. ஊர்த் தலைவரான நாட்டார் ஜெயவேல் போய் சூப்பர்வைசரிடம் கேட்டார். அந்த ஆள் மரியாதையாகவே பதில் சொன்னான். இது கம்பெனிக் கல், தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டுகிற ஜெட்டிச் சுவருக்கு வந்தது, அங்கே போகிற பாதையை வெட்டிப் போட்டிருந்ததால் கொஞ்ச நாள் இங்கே இறக்கி வைத்தோம், உங்கள் கட்சிக்காரர்கள்தான் இடம் காட்டினார்கள் என்றான். வளைவுக்கு வந்த கல் இல்லையா என்று ஜெயவேல் கேட்டதற்கு, எந்த வளைவு என்று அவன் திருப்பிக் கேட்டான்.

தெற்கே சுவர். அதாவது, வீட்டைக் காப்பாற்ற வந்தது என்று பூசை போட்ட கல், வீட்டடி மண்ணை அரித்துக்கொண்டு போகப் போகிறது. நின்றவர்களுக்கெல்லாம் அது புரிந்தது. இளைஞர்கள் சிலர் லாரி முன்னால் படுத்தார்கள். போலீஸ் வேன் வந்தது. கல் வந்தபோது காவலுக்கு ஒரு ஈ காக்காய் இல்லை, கல் போகிறபோது மட்டும் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

சாயங்காலத்துக்குள் எல்லாக் கல்லும் போய்விட்டன, ஒன்றைத் தவிர. மஞ்சள் பூசின கல்லுக்கு முன்னால் பொக்லைன்காரன் வண்டியை நிறுத்திவிட்டான். தர்மபுரிப் பக்கத்துக்காரனாம். பூசை போட்டதை நான் தொட மாட்டேன், எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்று இறங்கிப் போய் பீடி பற்றவைத்தான். சூப்பர்வைசர் கத்திப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டான். காலி மணலில் அந்த ஒரு கல் மட்டும் பொட்டு வைத்த முகத்தோடு நின்றது.

அந்த நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத தடைக்காலம். காசிமேட்டில் பெரிய போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும். ரகுபதி மாதிரி சின்ன பைபர் போட்டுக்காரன் நாலு காசு கண்ணால் பார்க்கிற பருவம் வருஷத்தில் இது ஒன்றுதான். கொஞ்சம் சங்கராவும் காரப்பொடி மீனும் கொண்டுவந்தால்கூட மார்க்கெட்டில் பறந்துவிடும். கல் போன மறுநாள் விடியலில் ரகுபதி போட்டண்டை போய் நின்றபோது கூட வருகிறவர்களில் ராயபுரத்துச் சிலுவைமுத்து மட்டும்தான் வந்திருந்தான். மற்றவர்கள் வீட்டில் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரே நாளில் காய்ச்சல்.

"எனக்கு சூடமும் தெரியாது ஆத்தாவும் தெரியாது மாமு, எனக்கு மாதா கீது," என்றான் சிலுவைமுத்து. "ஆனா ஒத்த ஆளா நான் வந்து இன்னா பண்றது? வலைய நீ இழுப்பியா, மோட்டார புடிப்பியா?"

ரகுபதி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். வீட்டுக்கு வந்து மணல் மூட்டை மேல் உட்கார்ந்தான். அவன் கோபக்காரனில்லை. அன்றைக்கு மட்டும் கேட்டான்.

"உன்ன எவன்மே அணைக்கச் சொன்னது? அவன் வாயி இன்னா, வெந்துபோயா கெடந்துச்சி?"

நீலா பழைய சோற்றைப் பிழிந்து வைத்தாள். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு சுட்டாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அடுத்த வீட்டுப் போட்டுகள் போய் வந்தன. அவளுக்கு விற்க மீனில்லை. யார் போட்டு மீனையாவது கூறு வாங்கலாம் என்று கரையில் போய் நின்றால், எல்லாம் பேசியாகிவிட்டது என்றார்கள். திட்டவில்லை, ஒதுங்கிப் போனார்கள். குழாயடியில் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள், அதில் அவளும் லேசுப்பட்டவளில்லை. இந்த மௌனத்துக்கு அவளிடம் மருந்தில்லை. தான் மட்டும் ஏமாறவில்லை, ஊரையே இழுத்துக்கொண்டு போய் ஏமாற்றிவிட்டோம் என்கிற நினைப்பு அவளைத் தின்றது.

ரஞ்சித்தின் போன் அணைந்தே கிடந்தது. ஓட்டு முடிந்த கையோடு பொண்டாட்டி ஷாலுவைக் கூட்டிக்கொண்டு தண்டையார்பேட்டையில் மாமியார் வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. நீலா மார்க்கெட்டில் அடுத்தவளிடம் காசு கொடுத்துக் கானாங்கெளுத்தி வாங்கினாள். மீன்காரி மீனை விலைக்கு வாங்குவதைப் பார்த்து விற்றவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, தூக்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ரஞ்சித் பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஷாலு தட்டு வைத்தாள். அவன் சோற்றைப் பிசைகிறவரை நீலா பேசவில்லை. வளர்த்த கைக்கு அந்தப் பழக்கம் போகாது, வயிறு நிறையட்டும் என்று காத்திருந்தாள்.

"கல்லு போய்டும்னு உனக்குத் தெரியுமாடா?"

"சத்தியமா தெரியாதுக்கா. வட்டம் என்னையும் சேத்துதான் டபாய்ச்சிட்டாரு. எனக்கு மட்டும் ஊருக்கு வர மூஞ்சி கீதா சொல்லு. அதான் போன அமுக்கி வெச்சிக்கீறேன்."

அவன் கண் கலங்கியது. நீலாவுக்கு நெஞ்சில் கிடந்த பாறை இறங்கியது. பார்த்தாயா, என் பிள்ளை என்னை மாதிரி ஏமாந்தவன்தான். அவள் நிலைமையைச் சொன்னாள். போட்டு கிடப்பதை, ஆள் வராததை, குழாயடியை. வெள்ளிக்கிழமை ஊர் கூடுகிறது, வந்து ஆத்தா முன்னால் நின்று, தப்பு என்னுடையது, அக்கா மேல் குற்றமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்றாள். வருகிறேன் என்றான். அவன் தலையில் கைவைத்துத் தடவிவிட்டு, கழுவாத தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்தான். சட்டையும் கஞ்சியும் அப்படியே இருந்தன. கோயில் முன்னால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தெற்குக் காற்று எழும்பி மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. படியில் வெற்றிலையும் சூடமும் தயாராக இருந்தன. ஜெயவேல் அவனை உட்காரச் சொன்னார். அவன் நின்றான்.

"ரஞ்சித்து, உனக்காகத்தான் உங்கக்கா அணைச்சிது," என்றார் ஜெயவேல். "தப்பு என்னுதுன்னு ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடு. நாளைக்கே உங்க மாமன் போட்ட தள்ளட்டும். உன்ன நாங்க ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

ரஞ்சித் சுற்றிலும் பார்த்தான். பையன்கள் சிலர் போனைக் கையில் வைத்திருந்தார்கள். அவன் பார்வை அந்தப் போன்களிலேயே போய்ப் போய் வந்தது.

"பெர்ப்பா, நான் ஒண்ணு கேக்கறேன்," என்றான். "நான் சூடம் அணைக்கிறேன்னு சொன்னனா? இல்ல, அக்காவ அணைக்கச் சொன்னனா? பாசத்துல அதுவா அணைச்சிது. அதுக்கு நான் எப்டி தப்பு என்னுதுன்னு சொல்றது?"

ரகுபதி எழுந்தான், பக்கத்தில் இருந்தவர்கள் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். தம்பி சொன்னது பொய்யில்லை, நீலாவுக்குத் தெரியும். அவன் அணைக்கச் சொல்லவில்லைதான். அன்றைக்கு முதலில் சிரித்து மழுப்பினவன் பிறகு வாயே திறக்கவில்லை, கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தான். சிரிக்காத முகம். அந்த முகத்தை அதற்கு முன்னாலும் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கல் இறங்கின அன்று, மஞ்சள் குழைத்த கையை அவன் பிடித்தபோது.

அவள் எழுந்து பெண்கள் பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தாள்.

"ஆமாண்டா, நீ அணைக்கச் சொல்லல," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ஆனா ஒண்ணு சொன்ன. கல்லுக்கு மஞ்ச வெக்காதன்னு சொன்ன. என் கைய புடிச்ச. ஏண்டா புடிச்ச?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நிக்கிற கல்லுன்னா மஞ்ச வெச்சா இன்னா? போற கல்லுன்னு தெரிஞ்சதாலதான கைய புடிச்ச? ஆத்தாளுக்குப் பயந்த. அக்காளுக்கு மட்டும் பயப்படல."

பட்டம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டார். அன்று ரஞ்சித் கையைப் பிடித்ததையும் நீலா சிரித்ததையும் அங்கிருந்த பாதிப் பெண்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

ரஞ்சித் கீழே பார்த்துக்கொண்டே பேசினான். அப்போதுதான் அவன் குரலில் உண்மை வந்தது.

"நான் இல்லன்னா வேற ஆள வெச்சி செய்ஞ்சிருப்பாங்கக்கா. கல்லு அப்பவும் போயிருக்கும். இந்தக் குப்பம் இன்னும் எத்தினி நாளைக்கு நிக்கும்ன்ற? ஆபீசுல எல்லாருக்கும் தெரியும், இத உட்டுட்டாங்க. ஹவுசிங் போர்டு வூட்டுல எனக்கு ஒண்ணு தரேன்னுக்கீறாங்க. உனக்கும் மாமாவுக்கும் ஒண்ணு சொல்லி வெச்சிக்கீறேன். உன்ன நான் நடுத்தெருவுல உடுவனா?"

அலை மணல் மூட்டையில் அடிக்கிற சத்தம் கோயில்வரை கேட்டது. தம்பி கெட்டவன் என்று தெரிந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவன் அக்காவுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறான். மூட்டை அடுக்கி அடுக்கி ரகுபதி காக்கிற வீட்டை, பட்டம்மாள் பாவாடை கிழித்துக் கொடுத்த ஊரை, அவன் எப்போதோ கைகழுவிவிட்டுத்தான் லாரியில் ஏறி வந்திருக்கிறான்.

"அத மொதல்லியே சொல்லிட்டு ஓட்டு கேட்டுருக்கலாம்லடா," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். போய்ப் பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டம்மாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நாட்டார் தீர்ப்புச் சொன்னார். தெரிந்தே வாய்மூடி இருந்தவன் மேல்தான் குற்றம், அவன் ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் நீலா வீட்டுக்கு ஒன்றும் இல்லை, போட்டு போகலாம் என்றார். ரஞ்சித்தோடு ஊர் நெருப்பு, தண்ணீர் புழங்காது என்றும் சொன்னார். ரஞ்சித் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தான். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அந்த வெள்ளைச் சட்டை நுழைந்து மறைகிறவரை நீலா பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டும்போல் இருந்தது. கூப்பிடவில்லை.

மறுநாள் விடியலில் எல்லோர் வீட்டிலும் காய்ச்சல் விட்டிருந்தது. சிலுவைமுத்து மாதாவைக் கும்பிட்டான், மற்றவர்கள் ஆத்தாளைக் கும்பிட்டார்கள், போட்டைத் தள்ளினார்கள். போன வாரம் தள்ளின இடம் இந்த வாரம் இல்லை, தண்ணீர் இன்னும் உள்ளே வந்திருந்தது. வெயில் ஏறித் திரும்பி வந்தபோது வலையில் சங்கரா கொஞ்சம், மத்தி நிறைய. நீலா கூடையில் அள்ளிக்கொண்டிருக்கும்போது பொக்லைன் மறுபடியும் வந்தது. கம்பெனியில் கணக்குக் கேட்கிறார்கள், அந்த ஒரு கல்லையும் எடுத்தே ஆக வேண்டுமாம். வண்டியில் அதே தர்மபுரிக்காரன். கல்லுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

குப்பத்தில் சிலர் அந்தக் கல்லுக்கு ஒரு ஓலைக் கூரை போட்டுக் கும்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீலா கூடையை வைத்துவிட்டுக் கல்லண்டை போனாள். கடல் பக்கம் மஞ்சள் கரைந்து ஓடியிருந்தது. ஊர்ப் பக்கம் அவள் வைத்த பொட்டு வெயிலில் காய்ந்து கறுத்து அப்படியே இருந்தது. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி ஊற்றினாள். தென்னை நாரை எடுத்துத் தேய்த்தாள். கரையில் இருந்தவர்கள் வந்து சுற்றி நின்றார்கள். வேண்டாம்மே, பாவம் என்று யாரோ சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. பொட்டு போய், மஞ்சள் போய், கருங்கல் தெரிகிறவரை தேய்த்தாள். அழுகை வந்தது, அதையும் விட்டுவிட்டாள், தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"இப்ப வெறும் கல்லுதான்," என்று வண்டிக்காரனிடம் சொன்னாள். "எடுத்துகினு போ நைனா. உம்மேல ஒண்ணும் வராது."

அவன் தயங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டியில் ஏறினான். கல் அசைந்து, எழுந்து, லாரியில் போய் உட்கார்ந்தது. அது இருந்த பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது.

மீன் வெயிலுக்குத் தாங்காது. நீலா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தாள். பாதி வழியில்தான் வலது கையைப் பார்த்தாள். ரேகையெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. குழாயடியில் நின்று கழுவிப் பார்த்தாள், போகவில்லை. அன்று சாயங்காலம்வரை மார்க்கெட்டில் மீனைக் கழுவிக் கழுவி விற்றபிறகுதான் அது போயிற்று.